‘டிரைவர் விரைவில் வரும்’ என்பதை நம்பிக் காத்திருக்காதீர்கள்

ஸ்கேனரோ, பிரிண்டரோ, ஆடியோ இன்டர்ஃபேஸோ, யூ.எஸ்.பி சீரியல் கேபிளோ, எதுவானாலும் ஏமாற்றும் முறை ஒன்றுதான். கணினி புது ஓ.எஸ்-க்கு (விண்டோஸ் போன்ற இயங்குதளத்துக்கு) மாறுகிறது, சாதனத்தை அதோடு பேசவைக்கும் டிரைவர் என்ற நிரல் இல்லாமல் சாதனம் படுத்துவிடுகிறது. தயாரித்த நிறுவனத்தின் டவுன்லோடு பக்கத்தில் அந்த மாடலுக்கு நேரே ‘விண்டோஸ் 11: விரைவில்’ என்று இருக்கிறது. சப்போர்ட்டுக்கு எழுதினால் முதல் பதில், ‘கேபிளை மாற்றிப் பாருங்கள், மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள்’. இரண்டாவது, ‘எங்கள் பொறியாளர்கள் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள்’. மூன்றாவது வருவதற்குள் பொருளைத் திருப்பித் தரும் கெடு முடிந்திருக்கும். அதில் ‘இந்த மாடலின் ஆதரவுக் காலம் முடிந்துவிட்டது’ என்று இருக்கும், கூடவே புது மாடலுக்கு ஒரு தள்ளுபடிக் கூப்பனும். கூப்பன் வந்துவிட்டதா, டிரைவர் வராது.

விண்டோஸ் 11 வெளியானது 2021 அக்டோபர் 5. விண்டோஸ் 10-இன் பொது ஆதரவு முடிந்தது 2025 அக்டோபர் 14. இந்த நான்கு ஆண்டில் எழுதப்படாத டிரைவரை இனி யாரும் உட்கார்ந்து எழுதப்போவதில்லை. பெட்டி மேல் பெயர் போட்டவர் பெரும்பாலும் உள்ளே இருக்கும் சிப்பைச் செய்தவர் இல்லை. சிப் செய்தவர் அந்த வரிசையை நிறுத்திவிட்டால் பெட்டிக்காரர் கையில் திருத்துவதற்கு ஒன்றும் இருக்காது. போதாக்குறைக்கு, விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து புதிய கர்னல் டிரைவர் (ஓ.எஸ்-இன் மையப் பகுதியான கர்னலுக்குள் ஓடும் டிரைவர்) ஒவ்வொன்றுக்கும் மைக்ரோசாஃப்டின் டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். விற்றுத் தீர்ந்த பொருளுக்காக இந்த வேலையை யார் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்?

சப்போர்ட்டின் வாயைப் பார்ப்பதை விட, விண்டோஸில் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைப் பார்ப்பது மேல். மஞ்சள் முக்கோணம் உள்ள சாதனத்தில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ். முதல் தாவலிலேயே பிழை எண் இருக்கும். 28 என்றால் டிரைவரே ஏறவில்லை. 52 என்றால் டிரைவர் இருக்கிறது, கையொப்பம் சரிபார்க்கப்படவில்லை. 39 என்றால் கோப்பு கெட்டிருக்கிறது அல்லது ஏற்ற முடியவில்லை. விண்டோஸ் 11-இல் இதற்குப் பின்னால் பல நேரம் மெமரி இன்டெக்ரிட்டி (ஒத்துவராத டிரைவரைக் கர்னலில் ஏறவிடாத பாதுகாப்பு வசதி) நிற்கும். 10 என்றால் ஏறியும் சாதனம் கிளம்பவில்லை. சப்போர்ட்டுக்கு எழுதும்போது இந்த எண்ணைக் குறிப்பிட்டால் ‘கேபிளை மாற்றுங்கள்’ என்ற முதல் சுற்றாவது மிச்சமாகும்.

அடுத்து டீட்டெயில்ஸ் தாவலில் ‘ஹார்டுவேர் ஐடிஸ்’. அதில் இரண்டு எண்கள்: செய்தவர் எண், பொருள் எண். பி.சி.ஐ கார்டுகளில் 8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏ.எம்.டி. யூ.எஸ்.பி-யில் 0403 என்றால் சீரியல் கேபிள் சிப் செய்யும் எஃப்.டி.டி.ஐ. பெட்டியில் எந்தப் பெயர் இருந்தாலும் டிரைவர் தேட வேண்டியது இந்த எண்ணைக் கொண்டுதான். மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்தில் அந்த ஐடியை அப்படியே ஒட்டித் தேடுங்கள், காசு கேட்காது. கிடைப்பது கேப் என்ற சுருக்கிக் கட்டிய கோப்பாக இருக்கும், 7-ஜிப் நிரலில் விரித்துக்கொள்ளலாம். அங்கும் இல்லை, சிப் செய்தவரின் பக்கத்திலும் இல்லை என்றால் அன்றைக்கே பொருளைத் திருப்பி அனுப்பும் வேலையைத் தொடங்குங்கள்.

கையில் பழைய டிரைவர் இருந்தால் உடனே கைவிடவும் வேண்டாம். ‘இந்த ஓ.எஸ்-க்கு ஆதரவு இல்லை’ என்று முரண்டு பிடிப்பது பல நேரங்களில் செட்அப் நிரல்தான், டிரைவர் இல்லை. செட்அப்பை 7-ஜிப்பில் விரித்து, உள்ளே ஐ.என்.எஃப் கோப்பை (டிரைவரை எப்படி ஏற்றுவது என்ற குறிப்பு) தேடி, நோட்பேடில் திறந்து பாருங்கள். ‘என்டிஏஎம்டி64’ என்ற சொல் இருந்தால் அது 64 பிட் டிரைவர். உங்களுடையது இன்டெல் பிராசசர் என்றாலும் இதே சொல்தான், மிரள வேண்டாம். ‘என்டிஎக்ஸ்86’ மட்டும் இருந்தால் அது 32 பிட். விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது, பழைய நிரல்களை ஓட்ட உதவும் கம்பேட்டிபிலிட்டி மோடும் கர்னல் டிரைவருக்கு உதவாது. 64 பிட் என்றால்: டிவைஸ் மேனேஜரில் அப்டேட் டிரைவர், கணினியில் தேடு, பட்டியலிலிருந்து நானே தேர்கிறேன், ஹேவ் டிஸ்க், அந்த ஐ.என்.எஃப். விண்டோஸ் 8.1-க்கோ 10-க்கோ எழுதிய டிரைவர்கள் பல இப்படி 11-இல் ஏறிவிடும்.

ஐ.என்.எஃப் கோப்பில் உங்கள் சாதன எண்ணை நீங்களே எழுதிச் சேர்க்கச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. ஒரு எழுத்தை மாற்றினாலும், கையொப்பத்தைத் தாங்கி உடன் வரும் கேட் கோப்போடு அது ஒத்துப்போகாது, விண்டோஸ் மறுத்துவிடும். அப்போது அடுத்த வீடியோ ‘கையொப்பச் சோதனையை அணையுங்கள்’ என்று சொல்லும். ஸ்டார்ட்அப் செட்டிங்ஸில் எஃப்7 அழுத்தி அணைப்பது, கணினியை அடுத்த முறை ரீஸ்டார்ட் செய்யும் வரை மட்டும்தான். நிரந்தரமாக டெஸ்ட் மோடில் (கையொப்பச் சோதனை தளர்ந்த நிலையில்) விட, கணினி தொடங்கும்போதே நிரல்களைச் சரிபார்க்கும் ‘செக்யூர் பூட்’ வசதியையும் அணைக்க வேண்டும். ஒரு ஸ்கேனருக்காக வீட்டுக் கதவைக் கழற்றி வைக்கிற வேலை அது. சர்வீஸ் செய்பவர் சொல்லாமல் இதைச் செய்து, ‘சரியாகிவிட்டது’ என்று பணம் வாங்கிப் போவதும் நடக்கிறது. திரையின் வலது கீழ்மூலையில் ‘டெஸ்ட் மோடு’ என்ற எழுத்து தெரிந்தால் சரி செய்யச் சொல்லித் திருப்பிக் கொடுங்கள்.

மெமரி இன்டெக்ரிட்டி: விண்டோஸ் செக்யூரிட்டி, டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன். அங்கே ஒத்துவராத டிரைவர்களின் கோப்புப் பெயர்கள் பட்டியலாகவே இருக்கும். அதை அணைத்தால் பழைய டிரைவர் ஓடலாம். இணையத்தோடு இணைக்காத கணினி என்றால் சரி. வங்கிக் கணக்கு திறக்கும் கணினியில் வேண்டாம்.

இனி, பணம் பறிபோகும் பெரிய ஓட்டை. ‘டிரைவர் அப்டேட்டர்’ நிரல்கள். ஸ்கேன் இலவசம். முடிந்ததும் சிவப்பாக நாற்பது ஐம்பது டிரைவர்கள் ‘மிகப் பழையவை’ என்று காட்டும். அந்தத் தேதிகளைக் கவனியுங்கள்: 2006 ஜூன் 21 என்று வரிசையாக இருக்கும். விண்டோஸோடு வரும் டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே போடும் தேதி அது. சாதனம் செய்தவரின் டிரைவர் வந்தால் தேதியில் அதுவே புதியதாகத் தெரிந்து முந்திக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு. உள்ளே நிரல் போன மாதத்தில் திருத்தப்பட்டதாக இருக்கலாம், தேதி மட்டும் மாறாது. இன்டெல் சிப்செட் டிரைவர்களில் இன்னும் வேடிக்கை: 1968 ஜூலை 18, நிறுவனம் பிறந்த நாள். அன்று விண்டோஸ் ஏது? இதை வைத்துத்தான் பயமுறுத்திச் சந்தா கட்டச் சொல்கிறார்கள். கட்டினாலும், எழுதப்படாத டிரைவரை அந்த நிரல் எங்கிருந்தும் கொண்டுவர முடியாது; ஏறக்குறைய பெயர் ஒத்த எதையாவது ஏற்றி, ஓடிக்கொண்டிருந்த சவுண்டையும் வைஃபையையும் கெடுத்துவிட்டுப் போகும். ஏற்கெனவே கட்டியிருந்தால் நிரலை அழிப்பது போதாது. தானாகப் புதுப்பிக்கும் சந்தாவை அட்டைக் கணக்கிலும் நிறுத்துங்கள்.

சீரியல் கேபிள் வாங்குவோருக்குத் தனியாக ஒன்று. புரோலிஃபிக் நிறுவனத்தின் 2303 வகைச் சிப்பின் பழைய பதிப்போ போலியோ உள்ளே இருந்தால், புது டிரைவர் டிவைஸ் மேனேஜரில் சாதனத்தின் பெயருக்குப் பதிலாகவே ‘2012 முதல் நிறுத்தப்பட்டது, விற்றவரைத் தொடர்புகொள்ளவும்’ என்ற பொருளில் எழுதிக் காட்டும். பட்டியலிலிருந்து பழைய பதிப்பு டிரைவரைத் தேர்ந்தால் பல நேரம் ஓடும், ஆனால் விண்டோஸ் அப்டேட் மறுபடி புதியதை ஏற்றிவிடும். எஃப்.டி.டி.ஐ விஷயத்தில் 2014-இல் இதைவிட மோசம்: அப்டேட் வழியே வந்த டிரைவர் போலிச் சிப்புகளின் பொருள் எண்ணைச் சுழியமாக்கி முடக்கியது, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெறப்பட்டது. போலியை விற்றவர் தப்பினார், வாங்கியவர் மாட்டினார்.

‘விண்டோஸ் 11-இல் இயங்கும்’ என்ற ஸ்டிக்கரும் முழு உண்மை சொல்வதில்லை. சில ஆல்-இன்-ஒன் பிரிண்டர்களில் அச்சு மட்டும், பல மாடல்களுக்குப் பொதுவான ஐ.பி.பி டிரைவரில் ஓடும். ஸ்கேன் பொத்தான், இரு பக்கத் தாள் ஊட்டி, மை அளவு எல்லாம் வராமல் போகலாம். கடையில் ‘ஓடுமா’ என்று கேட்டால் ‘ஓடும்’ என்பார்கள். ‘ஸ்கேன் ஆகுமா, எந்தத் தேதி டிரைவர், 64 பிட்டா, ஏ.ஆர்.எம் பிராசசர் உள்ள லேப்டாப்பில் ஏறுமா’ என்று எழுத்தில் கேளுங்கள். ஏ.ஆர்.எம் விண்டோஸில், இன்டெல் வகைப் பிராசசருக்கு எழுதிய பழைய நிரல்கள் எமுலேஷனில் (அந்தப் பிராசசரைப் போல நடித்து) ஓடும், டிரைவர் ஓடாது; அதற்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். மேக்கிலும் அப்படித்தான்: ஆப்பிளின் ரொசெட்டா, இன்டெல் மேக்குக்கு எழுதிய நிரலை மொழிபெயர்க்கும், கர்னல் எக்ஸ்டென்ஷனை (கர்னலுக்குள் ஓடும் டிரைவரை) தொடாது. 2019-இல் வந்த மேக் ஓ.எஸ் பதிப்பான கேட்டலினா 32 பிட் நிரல்களை வெட்டியபோது பல ஸ்கேனர் மென்பொருள்கள் அதோடு போயின.

இன்னும் அப்கிரேடு செய்யவில்லை என்றால், முதலில் விண்டோஸின் பிஎன்பியுடில் (pnputil) கட்டளையின் எக்ஸ்போர்ட் வசதியால், விண்டோஸோடு வராத டிரைவர்கள் எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். அப்கிரேடு ஆன அன்றே எல்லாச் சாதனங்களையும் செருகி, ஒரு பக்கம் அச்சிட்டு, ஒரு பக்கம் ஸ்கேன் செய்து பாருங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரியில் ‘கோ பேக்’ பொத்தான் பத்து நாள்தான் இருக்கும். சப்போர்ட் ‘பொறியாளர்கள் பார்க்கிறார்கள்’ என்று இழுக்கும்போது அந்தப் பத்து நாளும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எதுவும் ஏறவில்லை, சாதனமோ நல்ல நிலையில் இருக்கிறது என்றால், ஓரத்தில் கிடக்கும் பழைய கணினியில் லினக்ஸ் ஓ.எஸ் போட்டு அதில் செருகுங்கள். கப்ஸ் என்ற அச்சு மென்பொருள் வழியாக பிரிண்டரையும், சேன் என்ற ஸ்கேன் மென்பொருள் வழியாக ஸ்கேனரையும் நெட்வொர்க்கில் பகிரலாம். வாங்குவதற்கு முன்பே சேன் ஆதரவுப் பட்டியலில் மாடல் எண்ணைத் தேடிப் பார்த்துவிடுங்கள்; ‘அன்சப்போர்ட்டட்’ என்று அங்கேயும் இருந்தால் அந்த மாடல் பாதி விலைக்கு வந்தாலும் தொட வேண்டாம்.