முதல் இருக்கையா, கால் கழுவும் பாத்திரமா?

சீடர்களான யாக்கோபும் யோவானும் இயேசுவின் வலப்பக்கத்திலும் இடப்பக்கத்திலும் உட்கார இடம் கேட்டார்கள் (பைபிளில் மாற்கு 10). கடவுள் பார்வையில் பெரியவராக எது வழி: அந்த இருக்கையா, கால் கழுவும் பணிவிடையா?

செலவு: இருக்கைக்குப் பிறரை முந்த வேண்டும். பணிவிடைக்கு நம்மையே கொடுக்க வேண்டும்; இதுதான் கூடுதல்.

எளிமை: இருக்கை ஆசை தானாக வரும். பணிவிடை அப்படியல்ல. யோவான் 13-ஐ நிதானமாக வாசியுங்கள். இயேசு பந்தியிலிருந்து எழுந்து, மேலாடையைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டி, பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, சீடர்களின் கால்களைக் கழுவுகிறார். அவரைக் காட்டிக்கொடுக்கப்போகும் யூதாசும் அங்கேதான் இருக்கிறான். இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

நிலைப்பு: மனிதர் காணச் செய்ததன் பலன் அங்கேயே தீர்ந்தது, அந்தரங்கத்தில் செய்ததைப் பிதாவாகிய கடவுள் பார்க்கிறார் (மத்தேயு 6).

மனிதர் மதிப்பு போதுமென்றால் இருக்கை. பிதாவிடம் பெரியவராக வேண்டுமானால் பாத்திரம். தலைவர்களுக்கும் இதேதான், கழுவியவரே போதகரும் ஆண்டவரும்.