மெஷின் தங்கம், பெடல் தகரம்

டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர், "அண்ணே, உங்ககிட்ட இருக்கிற மாதிரி 200 ஆம்பியர் டிக் வெல்டிங் மெஷின் விலை இறங்கியிருக்கு, வாங்கலாமா?" என்று கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. அப்போதுதான், கரன்ட்டைக் காலால் கூட்டிக் குறைக்கும் பெடலின் ரிப்பேருக்குக் காசைக் கொட்டிவிட்டு வந்திருந்தேன்.

டர்பனில் எனக்கு வரும் வேலையில் பாதி கைப்பிடிகள்தான். கோயில் படிக்கட்டு, கடலைப் பார்த்த பால்கனி. 50.8 மி.மீ. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) குழாய், சுவர் 1.5 மி.மீ. அதை 6 மி.மீ. பேஸ் பிளேட்டில் நிறுத்தி ஒரு சுற்று வெல்டிங் ஓட்ட வேண்டும். பிளேட் சூட்டை விழுங்கிக்கொண்டே இருக்கும். அது உருகுவதற்குள் குழாய் கரைய ஆரம்பித்துவிடும். போதாததற்கு, குழாய் நிமிர்ந்து நிற்பதால் உருகியதெல்லாம் பிளேட் பக்கம் இறங்கும். மேலே குழாயோரத்தில் நகத்தால் கீறிய மாதிரி ஒரு பள்ளம் விழும். அண்டர்கட். 0.3 மி.மீ. ஆழம்தான் என்றாலும் சுவரில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. இந்த உப்புக் காற்றில் பழுப்புக் கறை முதலில் தலைகாட்டுவதும் அங்கேதான், உப்பைக் கூடுதலாகத் தாங்கும் 316 ரக எஃகு போட்டாலும்.

டார்ச்சைப் பிளேட்டைப் பார்த்துச் சாய்த்து, உருகிய குளம் பிளேட்டில் பிறந்து குழாயைத் தொடும்படி விட வேண்டும். ஃபில்லரை, அதாவது உருக்கி நிரப்பும் கம்பியை, குளத்தின் நடுவில் குத்தாமல் குழாய்ப் பக்கத்து மேல் விளிம்பில் வைக்க வேண்டும். அந்த ஓரம் நிரம்பியது கண்ணுக்குத் தெரிந்த பிறகே நகர வேண்டும். ஆர்க் நீளம் டார்ச் முனையிலுள்ள டங்ஸ்டன் கம்பியின் கனத்தைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. கடைசிக் கால் சுற்றில் குழாய் ஏற்கெனவே கொதித்துக் கிடக்கும். அங்கே பெடலில் காலைத் தளர்த்திக் கரன்ட்டை இறக்கியே ஆக வேண்டும்.

வில்லங்கம் அங்கேதான். கால் அழுத்தத்துக்கேற்பக் கரன்ட்டை மாற்றச் சொல்லும், பெடலுக்குள் இருக்கும் பொட்டன்ஷியோமீட்டர் தேய்ந்துவிட்டால், காலைத் தளர்த்தும்போது கரன்ட் இறங்காமல் ஒரு கணம் துள்ளும். கை எவ்வளவு சுத்தமாக ஓடினாலும் சரி, ஃபில்லர் போய்ச் சேருவதற்குள் குழாயோரம் தின்னப்பட்டிருக்கும். ஏஜென்ட்டிடம் கொண்டுபோனால், "பாகம் தனியா வராது, முழுப் பெடலையும் மாத்துங்க" என்கிறார்கள். உள்ளே இருப்பதோ ரேடியோ ரிப்பேர்க்காரர் டப்பாவில் கிடக்கும் சாமான். போன தடவை அப்படி ஒருவர்தான் மாற்றிக் கொடுத்தார், நன்றாகவே ஓடியது. இந்தத் தடவை அவர் ஊரில் இல்லை, ஏஜென்ட்டுக்கு அழுதேன்.

மெஷினைக் குறை சொன்னால் பாவம். 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது ஜெனரேட்டரில்தான் ஓட்டினேன், ஒரு நாளும் முரண்டு பிடித்ததில்லை. குறைந்த ஆம்பியரிலும் ஆர்க் நடுங்காது. கரன்ட் மாறி மாறி ஏறி இறங்கும் பல்ஸ் போட்டால் மெல்லிய பக்கம் மூச்சு வாங்கிக்கொள்ள நேரம் கிடைக்கிறது.

வாங்கிவிட்டவர்களுக்கு ஒன்று: பேனலில் உச்சத்தை 200-இல் விட்டுவைக்காதீர்கள். இந்த வேலைக்கு 110 வைத்தால், பெடலை முழுக்க மிதித்தாலும் 110-தான். துள்ளினாலும் அதற்கு மேல் துள்ளாது.

சரி, தம்பிக்கு என்ன சொன்னேன்? வாங்காதே என்றேன். "அப்ப உங்க மெஷினை எனக்குக் கொடுங்கண்ணே" என்றார். அதெல்லாம் முடியாது.