லர் ப்ளூ: பூவும் பவுடரும் இழைந்த மணம்

பிரான்சின் கெர்லான் நிறுவனத்துக்காக ஜாக் கெர்லான் 1912-இல் உருவாக்கிய ‘லர் ப்ளூ’, பவுடர் வாசமுள்ள மலர் நறுமணங்களை விரும்புவோர் ஒருமுறையேனும் முகர்ந்து பார்க்க வேண்டிய வாசனைத் திரவியம். தெளித்தவுடன் சோம்பின் இனிப்பும் பெர்கமாட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் புளிப்பு மணமும் முந்திக்கொண்டு எழுவதால், இதில் பூ எங்கே என்று முதலில் தோன்றலாம். சற்றுப் பொறுத்தால் கார்னேஷன் பூவின் கிராம்பு நெடி தலைகாட்டும். அதன் பின் ஐரிஸ், வயலெட், ஹீலியோட்ரோப் ஆகிய பூச்செடிகளின் வாசங்கள் ஒன்றோடொன்று இழைந்து, முகப்பவுடர் டப்பாவைத் திறந்ததும் மூக்கில் படரும் அந்த மென்மையைத் தருகின்றன. ஐரிஸ் வாசம் பூவிலிருந்து அல்ல, ஆண்டுக்கணக்கில் உலர வைத்த அதன் கிழங்கிலிருந்து கிடைக்கிறது. இந்த மென்மைக்குள் லேசாக மண்வாடை தட்டுவதும் அதனால்தான்.

கடைசிவரை நிற்கும் அடிமணத்தில் வெனிலாவும் டோங்கா என்ற மர விதையும் தரும் கதகதப்பு, குளிர்ந்த நாள்களில் துணியில் நெடுநேரம் தங்குகிறது. வெயில் நேரத்திலோ இதே இனிப்பு திகட்டிவிடும். பளிச்சென்ற புத்துணர்ச்சியை நாடுவோருக்கு இது பழங்காலத்துப் பாணியாகப் படலாம், எனக்கு அதுவே இதன் அழகு. காகிதப் பட்டையில் மட்டும் முகர்ந்து முடிவெடுக்காமல், மணிக்கட்டில் இட்டு அரை நாளாவது பார்த்த பிறகு வாங்குவது நல்லது.