வினாத்தாளா, நேர்காணலா? முன்னாள் படைவீரரின் பிடிஎஸ்டியை எதை வைத்து உறுதிசெய்வது

போர்முனையிலிருந்து திரும்பிய ஒருவருக்குப் பிடிஎஸ்டி, அதாவது பயங்கரமான ஒரு சம்பவத்துக்குப் பின் வரும் மன அதிர்ச்சி நோய், இருக்கிறதா என்று பார்க்கப் பரவலாகப் பயன்படும் கருவிகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, அவரே நிரப்பிக் கொடுக்கும் பிசிஎல்-5 வினாத்தாள். மற்றது, பயிற்சி பெற்றவர் எதிரே உட்கார்ந்து கேட்டு மதிப்பிடும் கேப்ஸ்-5 நேர்காணல். இரண்டும் கேட்பது அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோயறிதல் கையேடான டிஎஸ்எம்-5-இல் உள்ள அதே 20 அறிகுறிகளைத்தான். ஆனாலும் ஒரே ஆளிடம் இரண்டும் வேறு வேறு முடிவைத் தருவதுண்டு.

வினாத்தாளுக்கு 5 முதல் 10 நிமிடம் போதும். கடந்த ஒரு மாதத்தில் ஒவ்வொரு தொந்தரவும் எவ்வளவு படுத்தியது என்று 0 முதல் 4 வரை குறிக்க வேண்டும். மொத்தம் 80. பொதுவாக 31 முதல் 33 வரையுள்ள ஓர் எண்ணை எல்லையாக வைக்கிறார்கள். சிகிச்சை தொடங்கிய பிறகு வாராவாரம் ஏற்ற இறக்கம் பார்க்க இதைவிட எளிதான வழி இல்லை.

சிக்கல் மொத்த மதிப்பெண்ணில் இருக்கிறது. டிஎஸ்எம்-5-படி நோயென்று சொல்ல அது மட்டும் போதாது. நினைவுகள் திரும்பத் திரும்ப வருவதில் 1, தவிர்ப்பதில் 1, எண்ணமும் உணர்வும் கெட்டுப்போவதில் 2, உடல் பதற்றத்தில் 2 என்று நான்கு பிரிவிலும் அறிகுறி இருக்க வேண்டும். அது ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்க்கையைப் பாதிக்கவும் வேண்டும். தவிர்ப்பது பற்றிய இரண்டு கேள்விக்கும் ஒருவர் 0 போட்டால், மொத்தம் 45 வந்தாலும் நோயென்று சொல்ல முடியாது. அந்த 0-வை நம்பலாமா என்பதுதான் கேள்வி. கூட்டமான இடத்துக்குப் போவதையே பல வருடம் முன்பு விட்டுவிட்டவருக்கு, தவிர்க்க என்ன மிச்சம் இருக்கும்?

உஷார்நிலை பற்றிய கேள்வியும் அப்படித்தான். பட்டாளத்தில் உஷாராக இருப்பது வேலை, உயிர் காத்த பழக்கம். அதைத் தொந்தரவு என்று எந்த வீரர் குறிப்பார்? நேர்காணலில் பேச்சு இப்படிப் போகலாம்:

"சாப்பிட வெளியே போனா எங்க உட்காருவீங்க?"

"சுவர் ஓரமாத்தான். வாசல் தெரியணும்."

"அந்த இடம் கிடைக்கலைன்னா?"

"சாப்பிடாம வந்துடுவேன்."

தாளில் 0 என்று விழுந்திருக்கக்கூடிய அறிகுறி இங்கே முழு உருவத்தில் நிற்கிறது.

கேப்ஸ்-5 முடிய 45 முதல் 60 நிமிடம் ஆகும். எத்தனை முறை, எவ்வளவு கடுமை என்று தனித்தனியாகக் கேட்டு, இரண்டையும் சேர்த்துப் போடும் மதிப்பெண் 2 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் அறிகுறியாக எடுத்துக்கொள்வார்கள். சில அறிகுறிகள் அதிர்ச்சி தந்த அந்தச் சம்பவத்தோடு தொடர்புடையவைதானா என்றும் கேட்பார்கள். படைவீரர் விஷயத்தில் இது மிக முக்கியம். குண்டுவெடிப்பில் தலையில் அடிபட்டவருக்கும் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், கவனம் சிதறும். வினாத்தாள் இவற்றைப் பிரித்துப் பார்க்காது, எல்லாவற்றையும் கூட்டிவிடும்.

பழைய டிஎஸ்எம்-4, சம்பவத்தின்போதே பயமோ நிராதரவோ திகிலோ ஏற்பட்டிருக்க வேண்டும் என்றது. பயிற்சிப்படி கடமையை முடித்துவிட்டு மாதங்கள் கழித்து உடைந்துபோன வீரர்களுக்கு அந்த நிபந்தனை பெரிய அநியாயம். 2013-இல் டிஎஸ்எம்-5 வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள்.

நேர்காணலுக்கும் குறை உண்டு. பயிற்சி பெற்றவரும் வேண்டும், நேரமும் வேண்டும். முன்பின் தெரியாதவர் முகத்தைப் பார்த்து "என் கண்முன்னே நடந்ததுக்கு நான்தான் காரணம்" என்று சொல்ல எல்லோராலும் முடியாது. தாளில் 4 என்று வட்டம் போடச் சிலருக்கு முடியும். அதனால்தான் வினாத்தாளை ஒதுக்க எனக்கு மனமில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 வழியில் போனால் அறிகுறிப் பட்டியல் சின்னது, சிக்கலான பிடிஎஸ்டி தனி நோய். அங்கே பிசிஎல்-5 மதிப்பெண்ணை அப்படியே பொருத்தக் கூடாது.

என் முடிவு இதுதான்: முதலில் வினாத்தாள், நோயை உறுதிசெய்ய நேர்காணல். மதிப்பெண்ணை மட்டும் வைத்து "இருக்கிறது" என்றும் சொல்லக் கூடாது, "இல்லை" என்று திருப்பியும் அனுப்பக் கூடாது. நிரப்பிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசும்போது, 4 போட்ட இடங்களோடு நிறுத்தாமல் 0 போட்ட இடங்களையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவர் சம்மதித்தால், வீட்டில் கூட இருப்பவரிடம் ராத்திரி எப்படிப் போகிறது என்றும் விசாரியுங்கள்.