தியலும பார்க்கக் காசு கட்டப் போறவை, முதல் இதை வாசியுங்கோ

என் அம்மாயி மலையகத்தில், பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவ. 1977 கலவரத்தோடு வன்னிக்கு வந்து, கிளிநொச்சியில் காடு வெட்டிக் குடியேறின குடும்பம். கடைசிவரைக்கும் தியலும அருவியைப் பற்றித்தான் கதை. அவ போன பிறகு அந்த இடத்தை ஒருக்கா பார்க்கவேணும் என்று எனக்குள்ளே கிடந்தது. கலியாணம் முடிந்த அடுத்த ஐப்பசியில் இவர் "வாரும், போவம்" என்றார்.

டவுனில் சுற்றுலா ஒழுங்கு செய்து குடுக்கிற ஒரு இடத்தில் கேட்டோம். இரண்டு நாள், எங்கள் இரண்டு பேருக்கும் தனி வாகனம், அருவி தெரிகிற அறை, மூன்று நேரச் சாப்பாடு, மேல் தியலுமவுக்கு, அதாவது அருவியின் உச்சிக்கு, கூட்டிப்போக அனுமதிப்பத்திரம் உள்ள வழிகாட்டி. எல்லாம் சேர்த்து 48,000 ரூபா. வாயால் சொன்னதெல்லாம் இவ்வளவும். முழுக் காசையும் முன்கூட்டியே கட்டினோம். ஆங்கிலத்தில் எழுதின பற்றுச்சீட்டு ஒன்றில் கையெழுத்து வேண்டினார்கள். நான் வாசிக்காமல் வைத்தேன்.

விடிய மூன்று மணிக்கு வான் வந்து நின்றபோது உள்ளே ஏற்கெனவே ஏழு பேர். இவர் கேட்டதற்கு, "அண்ணை, எல்லாரும் ஒரே பக்கம்தானே, ஏறுங்கோ" என்றான் சாரதிப் பெடியன். ஏறினோம். அங்கேயே இறங்கி வீட்டை போயிருக்கவேணும்.

தியலுமவுக்குப் போய்ச் சேர பின்னேரம் ஐந்து மணி. கொஸ்லந்தை - வெல்லவாய வீதியில் நின்றாலே அருவி முழுசாய்த் தெரியும். 220 மீற்றர், இலங்கையில் இரண்டாவது உயரம். அம்மாயி சொன்ன மாதிரியே, பாறையில் வெள்ளைச் சேலை காயப்போட்டது போல இருந்தது. நான் அழுதுபோனேன். இருபது நிமிசத்தில் சாரதி ஹோர்ன் அடித்தான். அறை வெல்லவாய டவுனுக்குள். யன்னலைத் திறந்தால் பக்கத்துக் கடைச் சுவர். இராச் சாப்பாட்டுக்கும் நாங்கள்தான் காசு குடுத்தோம்.

இதெல்லாம் காசு போன கதை. அதற்காக மட்டும் என்றால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

அடுத்த நாள் காலமை எட்டு மணிக்கு வரவேண்டிய வழிகாட்டி பதினொன்றரைக்கு வந்தான். இருபது வயது இருக்காது. கழுத்தில் அட்டை இல்லை. வேறொரு கூட்டத்தை ஏற்றி இறக்கிவிட்டு வந்திருக்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆளுக்கு 3,000 ரூபா தனியாய்க் கேட்டான். இவ்வளவு தூரம் வந்திட்டோம் என்று குடுத்தோம். பூனாகலைப் பக்கத்தால், ஆளுயர மானாப்புல்லுக்குள்ளால் நடை. அருவிக்கு மேலே பூனாகலை ஓயா பாறையைக் குடைந்து, தடாகம் தடாகமாய் இறங்கிப்போய் விளிம்பில் விழுகிறது. எங்களை ஒரு தடாகத்தில் இறக்கிவிட்டு, "படம் எடுங்க, வாறன்" என்று போனவன் போனவன்தான்.

ஐப்பசியில் அந்தப் பக்கம் காலமை வெயில் எறிக்கும், மத்தியானம் திரும்ப இடிமழை கட்டும். எங்கள் தலைக்கு மேல் ஒரு துளி இல்லை. ஆனால் பூனாகலைத் தோட்டப் பக்கம் கறுத்துக் கிடந்தது. வன்னியில் குளம் வான்பாய்ந்தால் ஊருக்கே முதல் தெரியவரும். மலையில் அப்படியில்லை என்று எங்களுக்கு விளங்கவில்லை. கரையில் விறகு கொண்டு போன ஒரு வயதான அம்மா கட்டைப் போட்டுவிட்டுக் கத்தினா: "ஏ புள்ள, தண்ணி செவக்குது பாரு, மேல ஏறு, ஓடியா!"

குனிந்து பார்த்தேன். கண்ணாடி போல இருந்த தண்ணீர் தேத்தண்ணி நிறமாய் மாறியிருந்தது. இவர் என் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினார். கரையேறி மூச்சு வாங்க முதலே நாங்கள் நின்ற பாறை வெள்ளத்தில் மூடப்பட்டுவிட்டது. அதற்கு அங்கால் விளிம்பு.

அந்த அம்மாதான் பாதை காட்டி இறக்கிவிட்டா. காசு நீட்டினேன், வாங்கவில்லை. "வன்னியா? எங்க ஆளுங்க அங்க நெறைய இருக்காங்களே" என்று மட்டும் கேட்டா. 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தயில் மண்சரிந்து, தோட்டத் தொழிலாளர் இருந்த லயன் வீடுகளை மூடினதும் இதே கொஸ்லந்தைப் பக்கம்தான். மழை அங்கே என்ன செய்யும் என்று அவவுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

ஊருக்கு வந்து அந்த இடத்துக்குப் போய்க் கேட்டோம். "உயிரோட வந்திட்டியள்தானே அக்கா, பிறகென்ன?" இதுதான் பதில். பற்றுச்சீட்டை எடுத்துக் காட்டினார்கள். 'போக்குவரத்து மட்டும், இணைந்த பயணம்' என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி. கீழே என் கையெழுத்து.

நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு முறைப்பாடு சொல்லியிருக்கிறோம். நீங்கள் போறதென்றால், வாகனம், அறை, சாப்பாடு, வழிகாட்டி நாலும் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கோ. தரமாட்டம் என்றால் எழும்பி வாங்கோ. பாதிக்கு மேல் முற்பணம் கட்டாதேங்கோ. வழிகாட்டியிடம் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அட்டையைக் கேளுங்கோ. மேல் தியலுமவுக்குக் காலமையே ஏறி, மத்தியானத்துக்கு முதல் இறங்குங்கோ. பதுளை மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கோ. தண்ணீர் கலங்கினால், படத்தை விட்டிட்டு ஏறுங்கோ.

ஏற்கெனவே காசு கட்டி, கிழமைக்கடைசியில் போக இருக்கிற ஆக்கள் இருந்தால், இண்டைக்கே அந்தப் பற்றுச்சீட்டை எடுத்து வாசிக்கத் தெரிந்த ஒராளிட்டைக் காட்டுங்கோ.