ரவுண்ட்ஸா, ஓபியா, கட்டிலோரமா?

வேலூர்ப் பக்கம் மழை தொடங்கிப் பனி முடிகிறவரை மெடிசின் வார்டில் காய்ச்சல் கேஸுக்குக் குறைவிருக்காது. அப்படியொரு காலை, மாணவர்களோடு கட்டில் கட்டிலாகப் போகும் ரவுண்ட்ஸில் மூன்றாமாண்டு எம்.பி.பி.எஸ். மாணவி ஒருவர் என்னிடம் கேஸ் சொன்னார். குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த அம்மா, எட்டு நாள் காய்ச்சல், தலைவலி. ஹிஸ்டரி, அதாவது நோயாளியிடம் கேட்டறிந்த விவரம், வரிசை பிசகாமல் வந்தது. டெங்கு என்று முடித்தார். பிளேட்லெட்டைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டேன், பதில் சரியாக இருந்தது, அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டோம். மத்தியானம் மேற்படிப்பு மாணவர் (பி.ஜி.) ஒருவர் அந்த அம்மாவின் அக்குளைப் பார்த்தபோது, சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுத்த பொருக்கு ஒன்று இருந்தது. சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல்; பொருக்கு அந்தக் கடியின் தடம். "வலியே இல்ல, இதப் போயி இன்னான்னு சொல்றதுன்னு உட்டுட்டேன்" என்றார் அந்த அம்மா.

மாணவிக்குப் பொருக்கைப் பற்றித் தெரியாமல் இல்லை. கேட்டிருந்தால் கடிக்கும் சிற்றுண்ணியிலிருந்து அதற்கான மருந்து டாக்ஸிசைக்ளினின் டோஸ் வரை சொல்லியிருப்பார். ஆனால் அவர் அக்குளைப் பார்த்தாரா என்று யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. போஸ்டிங்கில், அதாவது வார்டுப் பயிற்சிக்கு, வரும் மாணவருக்கு எந்த முறையில் கற்றுக்கொடுப்பது என்று யார் கேட்டாலும், அந்த முறையில் இந்தப் பொருக்கு கண்ணில் பட்டிருக்குமா என்றுதான் அன்றிலிருந்து யோசிக்கிறேன்.

ரவுண்ட்ஸை முதலில் எடுத்துக்கொள்வோம். பதினைந்து பேர் ஒரு கட்டிலைச் சுற்றி நின்றால், முன்னால் நிற்கும் நாலு பேருக்குத்தான் நோயாளியின் முகம் தெரியும். பின்னால் நிற்பவர்கள் கேட்பது சீஃபின் குரலை மட்டும். ஆனாலும் ரவுண்ட்ஸை ஒதுக்க எனக்கு மனம் வராது. நிச்சயமில்லாத நேரத்தில் ஒரு மூத்த மருத்துவர் எப்படி முடிவெடுக்கிறார், பிழைப்பது கஷ்டம் என்பதை மகனிடம் எந்த வார்த்தையில் சொல்கிறார் என்பதையெல்லாம் மாணவர் அங்கேதான் பார்க்கிறார். அங்கே ஆசிரியரை மாணவர் பார்க்கிறார். மாணவரை ஆசிரியர் பார்ப்பதில்லை.

ஓபி வேறு கணக்கு. வெளியே பெஞ்சு நிறைந்திருக்கும், நேரம் இருக்காது. அதற்கென்றே 1992-இல் அமெரிக்காவின் குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் 'ஒரு நிமிட ஆசிரியர்' என்று ஐந்து படிகளில் ஒரு முறையை எழுதினார்கள். "உனக்கு என்னன்னு தோணுதும்மா?" என்று முதலில் மாணவர் வாயிலிருந்து ஒரு முடிவை வாங்க வேண்டும். "எதை வச்சுச் சொல்ற?" என்பது இரண்டாவது. பிறகு பொதுவான ஒரு விதியைச் சொல்லி, சரியாகச் செய்ததை இன்னதென்று குறிப்பிட்டு, தப்பைத் திருத்தி அனுப்ப வேண்டும். அன்று ரவுண்ட்ஸில் பிளேட்லெட்டைக் கேட்டதற்குப் பதில் "ஸ்க்ரப்பை எதை வச்சு ஒதுக்கின?" என்று கேட்டிருந்தால் அங்கேயே விஷயம் வெளிவந்திருக்கும். சொல்ல வேண்டிய விதியும் தயாராக இருந்தது: நம்ம ஊரில் ஐந்து நாளைத் தாண்டிய காய்ச்சல் என்றால் அக்குள், மார்புக்குக் கீழ், இடுப்பு மடிப்பு, தொடையிடுக்கு நாலையும் பார்க்காமல் பரிசோதனை முடியாது, பொருக்கு இல்லை என்பதற்காக ஸ்க்ரப் இல்லை என்றும் ஆகாது. நெரிசலான ஓபிக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியாது.

2003-இல் வந்த 'ஸ்நாப்ஸ்' முறையில் கடிவாளம் மாணவர் கையில். கேஸைச் சுருக்கிச் சொல்லி, இரண்டு மூன்று நோய்களாகக் குறைத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, தனக்குப் புரியாததை அவரே ஆசிரியரிடம் கேட்க வேண்டும். ஃபைனல் இயர் மாணவருக்கும் ஹவுஸ் சர்ஜனுக்கும் அருமையாக இருக்கும். முதல் போஸ்டிங்கில் வருகிறவரிடம் இதைக் கொடுத்தால் வாயடைத்து நிற்பார்.

இந்த மூன்றிலும் ஒரே ஓட்டை. மாணவர் சொல்வதை நம்பித்தான் எல்லாம் நடக்கிறது. மாணவர் ஹிஸ்டரி எடுக்கும்போதும் தொட்டுப் பரிசோதிக்கும்போதும் கட்டிலோரம் பேசாமல் நின்று பார்ப்பதில்தான் அந்த ஓட்டை அடைபடுகிறது. இதையே மினி-சி.இ.எக்ஸ். என்ற பெயரில் பதினைந்து இருபது நிமிட மதிப்பீடாகவும் செய்கிறார்கள். இப்படி நிற்க ஆரம்பித்த பிறகுதான் பல விஷயங்கள் எனக்குத் தெரிந்தன. சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த பாட்டி தெலுங்கில் சொல்வது ஒன்று, கூட வந்த மகன் தமிழில் சொல்வது வேறு. கேஸ் ஷீட்டில் ஏறுவது மகன் சொன்னது. புடவையை விலக்கச் சொல்லக் கூசி, ரவிக்கைக்கு மேலேயே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு நகர்ந்தவர்கள் ஒருவர் இருவர் அல்ல. கூச்சத்தைத் திட்டிப் போக்க முடியாது. ஸ்க்ரீனை இழுத்து, சிஸ்டரைக் கூப்பிட்டு நிறுத்தி, "அம்மா, பூச்சி கடிச்ச தடம் இருக்கான்னு பாக்கணும், கொஞ்சம் கைய தூக்குறீங்களா" என்று ஒருமுறை நாமே சொல்லிக்காட்டினால் போதும். அடுத்த கட்டிலில் அவரே சொல்வார்.

நேரத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். பதினைந்து பேருக்கு ஆளுக்கு இருபது நிமிடம் என்றால் ஐந்து மணி நேரம். போஸ்டிங்கின் முதல் வாரத்திலேயே முடிப்பதென்றாலும் ஆறு நாளில் அது நாளுக்கு ஐம்பது நிமிடம். அதில் பாதியை பி.ஜி.க்கள் சந்தோஷமாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள். மாணவரும் சீஃபை விட அவர்களிடம்தான் தயங்காமல் கேட்பார். 2019-இல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாணவரின் பயிற்சிப் பதிவேடான லாக் புக்கில் ஒவ்வொரு திறனுக்கும் கையெழுத்து கேட்கிறது. போஸ்டிங் முடியும் நாளில் பதினைந்து புத்தகத்தையும் அடுக்கிவைத்துப் போடும் கையெழுத்தில் யாரும் யாரையும் பார்த்ததாக ஆகாது.

என் யூனிட்டில் இப்போது மூன்றையும் வைத்திருக்கிறோம்: ஓபியில் ஐந்து படி, ஃபைனல் இயருக்கு ஸ்நாப்ஸ், ரவுண்ட்ஸ் வழக்கம்போல. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால், போஸ்டிங்கின் முதல் வாரத்திலேயே ஒவ்வொருவரையும் ஒருமுறை கட்டிலோரம் நின்று பார்த்துவிடுகிறோம். கடைசி வாரத்தில் கண்ட தப்பைத் திருத்திக்கொள்ள மாணவருக்கு நோயாளியும் இருக்க மாட்டார், நாளும் இருக்காது.