ஈஎஸ்பி32 போர்ட்: எட்டு மாசம் தண்ணி டாங்கியோட பாவிச்ச பிறகு

வெள்ளவத்தையில எங்கட ப்ளட்ஸில மேல் டாங்கி காஞ்சு போச்செண்டது தலையில சோப்பு போட்ட பிறகுதான் தெரியவரும். மோட்டர் போட ஆள் இருக்கு, மொட்டை மாடிக்கு ஏறி டாங்கியை எட்டிப் பாக்கத்தான் ஆளில்லை. இந்த ஆக்கினைக்காகத்தான் ஈஎஸ்பி32 எண்ட, ப்ரோகிராம் எழுதி ஓட்டக்கூடிய சின்ன எலெக்ட்ரோனிக் போர்ட் ஒண்டு வாங்கினன், எவ்வளவு தண்ணி கிடக்கெண்டு போனிலயே பாக்கலாம் எண்டு. எனக்கு ப்ரோகிராமிங் தொழில் இல்லை, கணக்கு வேலைதான், இது ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு.

101 பஸ்ஸில புறக்கோட்டைக்குப் போய் முதலாம் குறுக்குத் தெருவில ஒரு ஒடுக்கமான கடையில வாங்கினது. போகேக்க இதே மாதிரி இன்னொரு போர்டான ஆர்டுயினோ ஊனோதான் யோசினை. கடை நானாதான் "போனோட சேக்கப் போறீங்களெண்டா ஊனோவுக்கு வைஃபை வேற புளூடூத் வேற வாங்கோணும் தம்பி, இத எடுங்க" எண்டார். மனுசன் சொன்னது சரி. பழைய ஊனோவில 16 மெகாஹெர்ட்ஸ், ரேம் வெறும் 2 கேபி. இதில 240 மெகாஹெர்ட்ஸில ரெண்டு கோர், 520 கேபி ரேம், வைஃபையும் புளூடூத்தும் சிப்புக்குள்ளயே. ஷாங்காயில இருக்கிற எஸ்பிரெசிஃப் கம்பனி 2016 இல விட்ட சிப், அதால நீங்கள் முட்டுப்படுற பிரச்சினை எல்லாத்திலயும் உங்களுக்கு முதல் ஆரோ ஒருத்தர் முட்டுப்பட்டு எழுதி வச்சிருப்பினம். விலை? வீட்டில எல்லாருக்கும் கொத்து ரொட்டி எடுக்கிற காசு கூட வராது.

முதல் நாள் பின்னேரம் முழுக்கப் போனது கேபிளுக்கு. லப்டொப்பில குத்தினா சிவப்பு லைட் எரியுது, ஆனா போர்ட் வந்ததா ஒண்டும் காட்டேல்ல. ட்ரைவர் இறக்கி, அழிச்சு, திருப்பி இறக்கி, கடைசியா பாத்தா அந்த யூஎஸ்பி கேபிள் சார்ஜ் மட்டும் ஏத்திற சாதி, டேட்டா வயரே உள்ள இல்லை. பழைய போனோட வந்த கேபிளைப் போட்ட உடன வந்திட்டுது. அடுத்தது அப்லோட், அதாவது எழுதின ப்ரோகிராமை போர்டுக்கு ஏத்திறது. "கனெக்டிங்" எண்டு போட்டு புள்ளியும் கோடுமா ஓடிக்கொண்டே இருந்து கடைசியில எரர். நான் வாங்கின போர்டுக்கு அந்தப் புள்ளி ஓடேக்க பூட் பட்டனை அமத்திப் பிடிக்கோணும், ஓடத் தொடங்கின உடன விடோணும். பேந்து போர்டின்ர ஓரத்தில வயர் குத்துற கால்களில (பின்) ஈஎன் எண்ட காலுக்கும் கிரவுண்ட் காலுக்கும் நடுவில 10 மைக்ரோஃபரட் கப்பாசிட்டர் ஒண்டு வச்சன், அதோட அந்தத் தலையிடி முடிஞ்சுது.

இன்னொரு சின்ன எரிச்சல், இந்த போர்ட் அகலம். ஈயம் பத்தாம வயர் குத்திப் பாக்கிற ஓட்டைப் பலகையான பிரெட்போர்டில குத்தினா ஒரு பக்கம் ஓட்டையே மிஞ்சாது. ரெண்டு பிரெட்போர்டைப் பக்கத்தில ஒட்டி நடுவில குதிரை ஏறின மாதிரி வச்சுத்தான் வயர் குத்தினனான். 30 கால், 38 கால் எண்டு ரெண்டு இருக்கு, 30 கால் எடுங்கோ, காணும்.

உண்மையான மினக்கேடு சென்சரில. சத்தத்தை அனுப்பி, அது தண்ணியில பட்டுத் திரும்பி வாற நேரத்தை வச்சுத் தூரம் அளக்கிற, ரெண்டு கண் இருக்கிற சாதாரண அல்ட்ராசோனிக் சென்சர் டாங்கிக்குள்ள ஈரத்துக்கு மூண்டு கிழமைதான் தாங்கினது. பிறகு வயர் நுனியில ஒற்றைக் கண் இருக்கிற தண்ணி போகாத ஜேஎஸ்என் சென்சர் வாங்கினன். அதுக்கு 5 வோல்ட் குடுத்தா எக்கோ காலில திரும்பி வாறதும் 5 வோல்ட், ஈஎஸ்பி32 கால் 3.3 தான் தாங்கும், அதால 1கே 2கே ரெசிஸ்டர் ரெண்டு போட்டு வோல்டேஜைக் குறைக்கோணும், நேரா குத்தி போர்டை எரிச்சிட்டு கடைக்காரரைத் திட்டாதேங்கோ. அதோட இந்தச் சென்சருக்கு 20, 25 சென்டிமீட்டருக்குள்ள கண் தெரியாது. டாங்கி நிரம்பி தண்ணி கிட்ட வந்த உடன கண்டபாட்டுக்கு நம்பர் காட்டும். டாங்கி மூடியில ஓட்டை வெட்டி, அதுக்கு மேல பெயிண்ட் வாளி ஒண்டைக் கவிழ்த்து, வாளியின்ர அடியில சென்சரைப் பூட்டினன். பாக்க விசர் வேலை மாதிரித்தான், ஆனா கணக்கு சரியா வருது.

போன் பக்கம் வருவம். முதல்ல கோட் எழுதாம ஆப் செய்யிற எம்ஐடி ஆப் இன்வென்டரில ப்ளொக் ப்ளொக்கா இழுத்து ஒரு ஆப் செய்தன், புளூடூத்தில வாற நம்பரைக் காட்டும். ஒரே பின்னேரத்தில முடிஞ்சுது, அந்த விசயத்தில நல்ல சாமான். ஆண்ட்ராய்ட் 12 இல இருந்து புளூடூத்துக்கு தனியா அனுமதி கேக்கோணும், அது தெரியாம கொஞ்ச நேரம் முழிச்சன். ஆனா மூண்டாம் மாடி அன்ரியின்ர ஐபோனில சரிவரேல்ல, இந்தப் பழைய சீரியல் வகை புளூடூத்தை ஆப் பாவிக்க ஐபோன் விடாது. வைஃபையையும் சேர்த்துப் போடப் பாத்தா போர்டின்ர மெமரியில ப்ரோகிராம் கொள்ளேல்ல, செட்டிங்க்ஸில பார்ட்டிஷன், அதாவது மெமரியைப் பிரிக்கிற விதம், மாத்தோணும். கடைசியா புளூடூத்தையே தூக்கி எறிஞ்சிட்டு, ஈஎஸ்பி32 தானே ஒரு சின்ன வெப் பேஜ் காட்டுற மாதிரி எழுதினன். ஆற்ற போனெண்டாலும் பிரவுசரில திறந்தா சரி. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் பிடிக்கும், ரவுட்டரில அது ஓனில இருக்கோணும். கொங்கிரீட் தட்டுத் தாண்டி சிக்னல் வராததால போர்டைப் படிக்கட்டுப் பக்கம் வச்சு சென்சர் வயரை மட்டும் மேல விட்டிருக்கிறன்.

பட்டரியில மாசக்கணக்கா ஓடோணுமெண்டா இந்த போர்ட் வேண்டாம். சிப் நித்திரையில கரண்ட் குறைவாத்தான் எடுக்கும், ஆனா போர்டில இருக்கிற லைட்டும் ரெகுலேட்டரும் யூஎஸ்பி சிப்பும் சும்மா இருந்து குடிக்கும். இன்னொண்டு, வைஃபை ஓடேக்க ஏடிசி2 எண்ட பிரிவில இருக்கிற கால்களில அனலொக் சென்சர் (வோல்டேஜ் கூடிக் குறைஞ்சு அளவு காட்டுற சாதி) வாசிக்கேலாது, 32 இல இருந்து 39 வரைக்கும் இருக்கிற கால்களைப் பாவியுங்கோ.

எட்டு மாசத்தில ரெண்டு தரம்தான் ரீசெட் அமத்தினன். கிட் எண்டு பெட்டியில விக்கிறதை வாங்காதேங்கோ, முக்கால்வாசி சாமான் தொடவே மாட்டியள். நேற்று காலம ஆறு மணிக்கு அன்ரியிட்ட இருந்து கோல்: "தம்பி, 18 வீதம் எண்டு காட்டுது, மோட்டர் போடச் சொல்லட்டே?"